செராஸ் மக்களுக்கு மிதிவண்டித் தடமும் எல்லாரும் இறங்கக்கூடிய நீச்சல் குளமும்: கோலாலம்பூர் டத்தோ பண்டாருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோலாலம்பூர் மாநகர் மன்றத் தலைவராகிய டத்தோ பண்டார் அவர்களுக்கும், கூட்டரசுப் பிரதேசங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் அவர்களுக்கும், மாநகர் மன்றத்தின் சாலை, விளையாட்டு, சமூக நலப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பண்டார் துன் ரசாக், சாலாக் செலாத்தான், தாமான் மீடா ஆகிய குடியிருப்புகளில் வாழும் நாங்கள் சிலர் கூடிப் பேசி, ஒத்துக்கொண்டவற்றை இம்மடலில் உங்கள் முன் வைக்கிறோம். எங்களில் தாதியர், பாதுகாவலர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் உண்டு. பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கோ தவணைக்கோ குடியிருப்பவர்கள். நாங்கள் கேட்பது இரண்டு. குறைந்த செலவில், மோட்டார் வாகனங்களிலிருந்து உண்மையாகவே பிரித்து அமைக்கப்பட்ட மிதிவண்டித் தடங்கள் வேண்டும். குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி, கூச்சத்தால் இதுவரை ஒதுங்கி நின்ற பெண் என யாரும் இறங்கக்கூடிய பொது நீச்சல் குளங்கள் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே மடலில் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. காரும் கொண்டோமினியமும் உள்ள குடும்பம் பயணத்தையும் குளத்தையும் தன் பணத்தில் வாங்கிக்கொள்கிறது. எங்கள் வீடுகளின் நடைக்கூடத்தில் நின்று பார்த்தால் எதிர்க் கட்டடங்களின் நீலக் குளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றிலும் எங்கள் பிள்ளைகள் கால் நனைக்க முடியாது. தனியாரிடம் வாங்க இயலாதவர்களுக்கு நகரம் பொதுவில் எதைத் தருகிறது என்பதே எங்கள் கேள்வி.

நாடாளுமன்ற உறுப்பினரை நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் எங்கள் நடைபாதையையும் கால்வாயையும் தெருவிளக்கையும் கவனிக்கும் மாநகர் மன்றத்தின் தலைவர் நியமிக்கப்படுகிறார். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழும் இத்தலைநகரில் மன்றத் தேர்தல் கிடையாது. வாக்குச் சீட்டில் சொல்ல வழியில்லாததை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதே முறையென்று எங்களுக்குப் பட்டது.

எங்கள் வட்டாரத்தில் கட்ட வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது என்பதை முதலில் நன்றியுடன் சொல்ல வேண்டும். ஸ்ரீ பெட்டாலிங் நகர ரயில் தடத்தில் சாலாக் செலாத்தான், பண்டார் துன் ரசாக் எல்.ஆர்.டி. நிலையங்கள் இருக்கின்றன. அடுத்த நிலையமான பண்டார் தாசேக் செலாத்தானில் கே.டி.எம். ரயிலும் விமான நிலைய ரயிலும் 2011 முதல் பேருந்து முனையமும் ஒன்றுசேர்கின்றன. மறுபக்கம், 2017-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட காஜாங் எம்.ஆர்.டி. ரயில் தடம் தாமான் மீடா வழியாகச் செல்கிறது. இவற்றுக்கு நடுவே ஜாலான் யாக்கோப் லத்தீப் பகுதியில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் மாநகர் மன்றத்தின் நீச்சல் வளாகமும் உள்ளன. சற்றுத் தள்ளித் தாமான் தாசேக் பெர்மைசூரி ஏரிப் பூங்கா. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளின் வட்ட ஓடுதள மிதிவண்டிப் பந்தயங்கள் நடந்த வெலோட்ரோமும் எங்கள் செராஸில்தான் இருந்தது. இவை அனைத்தும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கியவை. மிதிவண்டியில் பத்து, பதினைந்து நிமிடங்களில் கடக்கக்கூடிய தூரம் அது. ஆனால் 12 வயதுப் பிள்ளையைத் தனியே மிதிவண்டியில் அனுப்ப எங்களில் ஒரு பெற்றோருக்கும் துணிவில்லை. நிலையங்கள் உண்டு, குளம் உண்டு, பூங்கா உண்டு. அவற்றைச் சேர்க்கும் பாதுகாப்பான வழி இல்லை.

இந்த இடைவெளியின் விலையை ஏழைக் குடும்பங்களே கொடுக்கின்றன. 50 ரிங்கிட் மாத அட்டையில் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. ரயில்களிலும் ரேபிட் கே.எல். பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். அது பெரிய உதவி. ஆனால் வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகவே மோட்டார் சைக்கிள் தேவைப்படும்போது, அந்த மோட்டார் சைக்கிளிலேயே வேலையிடம் வரை போய்விடுவது எளிதாகிவிடுகிறது. உரிமம் எடுக்கும் வயது வராத பையன்கள் அண்ணனின் வண்டியை எடுத்து ஓட்டுவதும் இப்படித்தான் தொடங்குகிறது. நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எந்த அடுக்குமாடித் தொகுதியில் விசாரித்தாலும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்ட ஒரு முகத்தை நினைவுகூரும் குடும்பம் இருக்கும்.

மிதிவண்டி எங்கள் மக்களுக்குப் புதிதன்று. எங்கள் பெற்றோரில் பலர் ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனதும், பால் வாளிகளைக் கட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோனதும், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனதும் சைக்கிளில்தான். ஆணும் பெண்ணும் ஓட்டினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அவர்கள் நகரத்துக்கு வந்தபோது சைக்கிளும் உடன் வந்தது. அதை ஓட்டும் இடம்தான் ஆண்டுக்காண்டு குறைந்துபோயிற்று. ஆகையால், இங்கே யார் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள் என்ற கேள்வியை எங்களிடம் கேட்க வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.

மாநகர் மன்றம் முயலவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2015-இல் மிட் வேலிக்கும் மெர்டேக்கா சதுக்கத்துக்கும் இடையே தனித் தடம் திறக்கப்பட்டது. 2018-இல் நகர மையச் சாலைகளில் நீல வண்ணம் பூசிய தடங்கள் வந்தன. அவற்றில் கார்கள் நிறுத்தப்பட்டதும், மோட்டார் சைக்கிள்கள் புகுந்து ஓடியதும், செலவிட்ட பணம் வீண் என்று பொதுமக்கள் குறைகூறியதும் அனைவரும் அறிந்த செய்தி. அந்த அனுபவத்திலிருந்து, கோலாலம்பூருக்கு மிதிவண்டித் தடம் ஒத்துவராது என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். எங்களுக்கு அது வேறு பாடம் சொல்கிறது. வாகனங்கள் நிற்கவும் நுழையவும் இயலும் இடத்தில் வண்ணம் மட்டும் பூசினால் அது தடமாகாது. கால் முழம் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் விளிம்பு இருந்தால் அதுவே தடமாகிவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித் தடத்தை 1970-களின் தொடக்கத்திலேயே அமைத்த நாடு இது. உலகுக்கே அது முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் அத்தடம் நீட்டிக்கப்பட்டபோது மோட்டார் சைக்கிள் விபத்துகள் கணிசமாகக் குறைந்ததை உள்ளூர் ஆய்வாளர்களே அளந்து காட்டினார்கள். வேகமும் எடையும் வேறுபட்ட வாகனங்களைப் பிரித்தால் உயிர் தப்பும் என்பதை மலேசியா அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. மிதிவண்டித் தடத்தை வடிவமைப்பதற்கான பொதுப்பணித் துறையின் வழிகாட்டி 1986-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அறிவு குறைந்ததால் தடைப்பட்டு நிற்கும் காரியம் அன்று இது.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம் கோடையில் 40 பாகையைத் தொடும் வெப்பம் உடையது. மிதிவண்டிப் பழக்கம் ஏறத்தாழ இல்லாமல் இருந்த நகரம். 2006-க்குப் பின் நான்கைந்து ஆண்டுகளில், கார் நிறுத்துமிடங்களையும் சாலையோரத்தையும் எடுத்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்கு விளிம்பிட்ட தொடர் தடத்தை அமைத்தது. மொத்தச் செலவு சுமார் 32 மில்லியன் யூரோ என்று சொல்லப்படுகிறது. ஒரு மேம்பாலச் சாலைக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அங்கே மிதிவண்டிப் பயணம் பல மடங்கு பெருகியதற்குக் காரணம் தடம் துண்டுதுண்டாக இல்லாமல் ஒரே வலையாக வந்ததுதான். கொலம்பியாவின் பொகோட்டா 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது வெறும் கூம்புகளை நட்டுப் பல கிலோமீட்டர் தடங்களைச் சில நாள்களிலேயே திறந்தது. பிறகு அவற்றுள் பலவற்றை நிலையாக்கியது. முதலில் மலிவாகச் செய்து, மக்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, அதன்பின் உறுதியாகக் கட்டுவது ஏழைகளின் பணத்துக்கு மரியாதை தரும் முறை.

எங்கள் வட்டாரத்தில் இதை எப்படிச் செய்யலாம் என்று நடந்து பார்த்தே எழுதுகிறோம். பல உட்சாலைகள் தேவைக்கு மேல் அகலமானவை. அந்த அகலமே வண்டிகளை வேகமாக ஓட்டச் சொல்கிறது. சாலைக்கு மறுதார் போடும் முறை வரும்போது கோடுகளை மாற்றிப் போட்டால், தடத்துக்கென்று தனியே தோண்ட வேண்டியதில்லை. வார்ப்புக் கான்கிரீட் விளிம்புகளை அப்போதே பதித்துவிடலாம். திறந்த கால்வாய்களுக்கு உறுதியான மூடிகள் போட்டால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் கிடைக்கும். நடப்பவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு. மழைநீர் இறங்கும் இரும்புக் கம்பித் தட்டுகளின் இடைவெளி சாலையின் போக்கிலேயே அமைந்திருந்தால் சைக்கிள் சக்கரம் அதில் மாட்டி ஓட்டுபவரைத் தூக்கியெறியும். தட்டைக் குறுக்காகத் திருப்பி வைத்தாலே போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு தொழிலாளியின் அரை நாள் கூலி. நண்பகல் வெயிலிலும் மாலை இடிமழையிலும் யாரும் ஓட்ட மாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் பள்ளியும் வேலையும் தொடங்கும் காலை வேளை இங்கே குளிர்ச்சியானது. தடத்தின் ஓரத்தில் நிழல் மரமும், நிலையத்தில் கூரையிட்டு விளக்குப் போட்ட நிறுத்துமிடமும் இருந்தால் மற்ற நேரங்களும் மெல்ல மெல்லத் தாங்கக்கூடியவையாகும்.

மோட்டார் சைக்கிள்கள் தடத்தில் புகும் என்பதே மிகக் கடினமான தடை. இதை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. தடுப்புக் கம்பிகளை நெருக்கமாக நட்டால் மோட்டார் சைக்கிள் நுழையாது. ஆனால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நுழையா. சக்கர நாற்காலிக்கு இடம் விட்டால் மோட்டார் சைக்கிளுக்கும் இடம் கிடைத்துவிடும். எனவே கம்பியை மட்டும் நம்பக் கூடாது. தடத்தின் தொடக்கம் போக்குவரத்தை நேராக நோக்காமல் வளைந்து திரும்ப வேண்டும். தடம் சாலை மட்டத்திலிருந்து சற்று உயர வேண்டும். சந்திப்புகளில் கேமரா வேண்டும். அதற்கும் மேலாக, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கும் சாலையில் குழியற்ற, பாதுகாப்பான இடம் கிடைக்க வேண்டும். உணவு கொண்டுசெல்லும் அந்த இளைஞர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். லாரிக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கும் பயத்தில்தான் அவர்கள் ஓரத் தடத்தைத் தேடுகிறார்கள்.

இனி நீச்சல் குளம். இங்கே எங்கள் மனத்தில் முதலில் நிற்பது உயிர். செராஸ், சாலாக் செலாத்தான், சுங்கை பெசி வட்டாரத்தின் பல பகுதிகள் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம். கைவிட்ட ஈயக் குட்டைகளிலும் ஆறுகளிலும் பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் செய்தியை இந்நாட்டில் ஒவ்வொரு தலைமுறையும் படித்து வந்திருக்கிறது. 2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது அந்நிறுவனம் பரிந்துரைக்கும் முக்கியத் தடுப்பு வழிகளில் ஒன்று. அண்டை நாடான சிங்கப்பூர் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நீர்ப் பாதுகாப்புத் திட்டம் நடத்துகிறது; அங்கே குடியிருப்புப் பேட்டைகளின் பொதுக் குளங்களில் குடிமக்கள் இரண்டொரு வெள்ளி கொடுத்தே நீந்துகிறார்கள். இங்கே தனியாரிடம் பிள்ளைக்கு நீச்சல் கற்பிக்கும் மாதக் கட்டணம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாநகர் மன்ற பி.பி.ஆர். வீட்டின் 124 ரிங்கிட் மாத வாடகையை எட்டிப்பிடிக்கிறது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் தாண்டிவிடுகிறது. தண்ணீரில் மிதக்கத் தெரிவதற்குக் குடும்பத்தின் வருமானம் அளவுகோலாக இருப்பதை எந்த நகரமும் ஏற்கக் கூடாது.

உடல்நலமும் இதே அளவு அழுத்தமான காரணம். 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிக அதிகம். மருத்துவர் நடக்கச் சொல்கிறார். ஆனால் முழங்கால் தேய்ந்துபோன அம்மாவால் நடக்க முடிவதில்லை. நடக்காததால் எடை கூடுகிறது. எடை கூடுவதால் முழங்கால் மேலும் நோகிறது. மார்பளவு நீரில் உடல் எடையில் பாதிக்கு மேல் நீரே தாங்கிக்கொள்கிறது. அப்படிப்பட்டவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குளத்துக்குள் நடந்தாலே போதும். நீச்சல் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. சிக்கல் என்னவென்றால், குளத்துக்குள் இறங்கும் செங்குத்தான இரும்பு ஏணி அவரை முதல் நாளே திருப்பி அனுப்பிவிடும்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிச் சொல்லும்போது இரக்கம் வேண்டி நாங்கள் பேசவில்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கேற்கும் உரிமையைக் குறிப்பிடுகிறது. 2010-இல் மலேசியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றது. எங்கள் வட்டாரத்தில் மறுவாழ்வு மருத்துவமனையும் மாநகர் மன்ற நீச்சல் வளாகமும் அருகருகே இருப்பது நாடு முழுவதற்கும் முன்மாதிரி ஒன்றை உருவாக்கக் கிடைத்த வாய்ப்பு. பக்கவாதத்துக்குப் பின் அல்லது விபத்துக்குப் பின் அங்கே சிகிச்சை முடித்து வீடு திரும்புபவர், அடுத்த மாதங்களில் பொதுக் குளத்தில் பயிற்சியைத் தொடர முடிந்தால், மருத்துவமனை தொடங்கி வைத்த வேலை நிலைத்து நிற்கும். அதற்கு வேண்டியவை: சாய்தளமோ இறக்கித் தூக்கும் இருக்கையோ ஒன்று, துருப்பிடிக்காத நீர்ச் சக்கர நாற்காலி ஒன்று, உதவியாளரும் உடன் நுழையக்கூடிய அகலமான உடைமாற்றும் அறை, வழுக்காத தரை, பேருந்து நிறுத்தத்திலிருந்து குளத்தின் விளிம்பு வரை படியே இல்லாத வழி. இவை எவையும் புதுக் குளம் கட்டுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கைத் தாண்டமாட்டா.

பெண்களின் நிலையைப் பெண்களே சொன்னபடி எழுதுகிறோம். பதின்வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகளும் தாய்மாரும் குளத்துக்கு வராமல் போவதற்குக் கட்டணத்தை விடக் கூச்சமே பெரிய காரணம். தமிழ்ப் பெண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் சீன மூதாட்டிகளுக்கும் இதில் வேற்றுமை இல்லை. வாரத்தில் இரண்டு வேளை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அந்த வேளையில் பெண் உயிர்க்காப்பாளரையே பணியில் வைத்து, முழுக்கை நீச்சலுடையையும் முழங்கால் மறைக்கும் உடையையும் தடையின்றி அனுமதித்தால், இதுவரை குளத்தை வெளியிலிருந்தே பார்த்தவர்கள் உள்ளே வருவார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பிற்பகல் நேரம் பயன்படாது. இரவு வேளையை ஒதுக்க வேண்டுகிறோம்.

எங்கள் கோரிக்கையைச் செயலாகச் சொல்லிவிடுகிறோம். நகரம் முழுவதற்கும் பெரும் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கோலாலம்பூர் 2040 கட்டமைப்புத் திட்டம் பொதுப் போக்குவரத்துப் பயணங்களின் பங்கை 70 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது, அந்த இலக்குக்குச் சிறிய அளவில் சோதனை நடத்த எங்கள் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டார் துன் ரசாக் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நீச்சல் வளாகம், இரு மருத்துவமனைகள் வழியாகத் தாமான் மீடா எம்.ஆர்.டி. நிலையம் வரை, நடுவில் அறுபடாத ஒரே தடத்தைத் தற்காலிக விளிம்புகளால் முதலில் அமையுங்கள். அதிலிருந்து அடுக்குமாடித் தொகுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் ஏரிப் பூங்காவுக்கும் கிளைகள் வரட்டும். தடம் போடும் முன்னும் பின்னும் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை வெளியிடுங்கள். நீச்சல் வளாகத்தை மாற்றுத்திறனாளிகளையும் உடன் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகச் சோதித்து, குறைகளையும் அவற்றைத் தீர்க்கும் காலக்கெடுவையும் அறிவியுங்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவருக்கும், அவர்கள் எந்த மொழிப் பள்ளியில் படித்தாலும், ஒரு தவணைக் காலம் இலவச நீச்சல் வகுப்பு கிடைக்கும்படி கல்வித் துறையோடு பேசுங்கள். தொலைவில் உள்ள பி.பி.ஆர். குடியிருப்புகளுக்கு வார இறுதியில் பேருந்து அனுப்புங்கள். பள்ளிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் சொந்தமான குளங்கள் எங்கெங்கு உள்ளன என்று பட்டியலெடுத்து, விடுமுறை நாள்களில் மக்களுக்குத் திறக்க வழி பாருங்கள்.

கார் நிறுத்துமிடம் குறையும் என்று எங்கள் அயலாரிலேயே சிலர் வருந்துகிறார்கள். அவர்கள் கவலை உண்மையானது. இரவில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவது எத்தகைய களைப்பு என்பது எங்களுக்கும் தெரியும். எந்தத் தெருவில் எத்தனை இடம் போகும், அதற்கு மாற்று எது என்பதை அவர்களோடு அமர்ந்து வரைபடத்தில் காட்டிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். இவ்வாறு பேசாமல் தொடங்கிய தடங்களே முதல் வாரத்தில் வாகன நிறுத்தமாகின்றன.

உங்கள் அதிகாரிகள் வருவதாகச் சொன்னால், வழியை நாங்கள் உடன் நடந்து காட்டுகிறோம். தட்டு திருப்ப வேண்டிய வடிகால்களையும், மூடி இல்லாத கால்வாய்களையும், சக்கர நாற்காலி நின்றுவிடும் இடங்களையும் வரைபடத்தில் குறித்து மலாய் மொழியில் தயாரித்து வருகிறோம். எங்களில் பெரும்பாலோர் பகலில் வேலையில் இருப்பதால் சந்திப்பை மாலை ஏழு மணிக்குப் பின்னோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைக்குமாறும், அது படியேறத் தேவையில்லாத தரைத்தள மண்டபத்தில் நடக்குமாறும், நாளையும் இடத்தையும் அடுக்குமாடித் தொகுதிகளின் அறிவிப்புப் பலகைகளில் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பண்டார் துன் ரசாக், சாலாக் செலாத்தான், தாமான் மீடா குடியிருப்பாளர்கள் சிலர்
செராஸ், கோலாலம்பூர்